தார் ரோடு வரைக்கும்

மழை விட்ட மறுநாள் எங்கள் வீட்டிலிருந்து யாரும் வெளியே காலை வைக்கக் கூடாது. பால்காரர் உள்ளே வரக் கூடாது. கோழியைத் திறந்துவிடக் கூடாது. மூத்தார் கையில் இரும்புக் கம்பியோடு படியிலேயே குப்புறப் படுத்து, அங்கிருந்து தார் ரோடு வரைக்கும் மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே ஊர்ந்து போவார். ரோட்டில் ஏறி நின்று, "சரியா கீது, வா" என்று சொன்ன பிறகுதான் என் வீட்டுக்காரர் வேலைக்குப் போவார், நான் தண்ணீருக்குப் போவேன். இதை இப்போது சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். என் மகளே விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அந்த வீட்டில் இருந்த காலத்தில் எனக்கு ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்லை. நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. மேலே பல்லி விழுந்தால் தெருவையே கூட்டுகிறவள். என்னைப் போய் அந்த மனிதர் இருந்த வீட்டில் கட்டிக் கொடுத்தார்கள்.

மூத்தார் என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன். மிலிட்டரியில் இருந்தவர். துப்பாக்கி பிடித்துச் சுடுகிற வேலை இல்லை. பாலம் கட்டுவது, கண்ணிவெடி புதைப்பது, புதைத்ததைத் தோண்டி எடுப்பது, இதற்கென்று ஒரு படை உண்டாம், அதில் இருந்தார். எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டைக்குப் போய்விட்டு, அது முடிந்து கொஞ்ச காலத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊரில் அவரை 'மிலிட்டரி' என்றே கூப்பிட்டார்கள். பெயர் ஒன்று இருந்தது. நான் அவரைப் பெயர் சொல்லி நினைத்ததே கிடையாது, இப்போதும் சொல்ல வாய் வரவில்லை.

வீடு கும்மிடிப்பூண்டிக்கும் எளாவூருக்கும் நடுவில் இருந்தது. கல்கத்தா ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஓடு போட்ட வீடு. சுற்றியிருந்த வயல்களையெல்லாம் கம்பெனிக்காரர்கள் வாங்கிக்கொண்டிருந்த நேரம். எங்கிருந்தோ லாரி லாரியாகச் செம்மண் கொண்டுவந்து கொட்டி, பள்ளத்தையெல்லாம் மேடாக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மாமனார் கூலிக்கு ஏர் ஓட்டிய வயலில் என் வீட்டுக்காரர் சட்டை பேன்ட் போட்டுக்கொண்டு இரும்புக் கம்பெனிக்குப் போனார். எல்லோருக்கும் அது சந்தோஷம். மூத்தாருக்கு மட்டும் அந்தப் புது மண்ணைப் பார்த்தாலே முகம் வெளுத்துவிடும்.

நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த முதல் நாளை மறக்க முடியாது. திருவள்ளூரிலிருந்து பஸ்ஸில் வந்து ரோட்டில் இறங்கினோம். ரோட்டிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் இரண்டு பக்கமும் சவுக்குக் குச்சி நட்டு, குச்சிக்குக் குச்சி வெள்ளைத் துணியைப் பட்டையாகக் கிழித்துக் கட்டியிருந்தது. நடுவில் ஓர் ஆள் நடக்கிற அகலம். அடடா, எனக்காக அலங்காரம் பண்ணியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பூ கட்டக் காசில்லாமல் துணி கட்டியிருக்கிறார்கள், பாவம் என்று கூட நினைத்தேன். வாசலில் ஆரத்தித் தட்டோடு மூத்தாரின் மனைவி, என் ஓரகத்தி, நின்றாள். கூட வந்த பெண்கள் "வலது காலை வெச்சு வாம்மா" என்றார்கள். பட்டுப்புடவை தடுக்கியது. துணிக்கு வெளியே ஒரு காலை வைக்கப் போனேன்.

"ஹால்ட்!"

அந்தச் சத்தத்தில் ஆரத்தித் தட்டு கீழே விழுந்தது. தூக்கிய காலோடு அப்படியே நின்றேன். வாசலில் ஓர் ஆள், காக்கிச் சட்டை, வெள்ளை வேட்டி, கண் இரண்டும் வெளியே வந்துவிடும் போல என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கால கீழ வெக்காதம்மா. பின்னால எடு. மெதுவா. உன் அடி எங்க கீதோ அங்கியே வை."

என் வீட்டுக்காரர் என் காதோடு, "சொல்றத செய். அண்ணன் அப்படித்தான்" என்றார். புகுந்த வீட்டில் நான் முதலில் கேட்ட வார்த்தை ஹால்ட். அதற்கப்புறம் எனக்கு எந்தக் கால் வலது கால் என்றே மறந்துபோயிற்று.

அந்த வெள்ளைத் துணியெல்லாம் அவருடைய வேட்டிதான். கிழிந்தால் தைக்க மாட்டார். பட்டை பட்டையாகக் கிழித்துக் குச்சியில் கட்டிவிடுவார். வாசலிலிருந்து ரோட்டுக்கு ஒரு வழி, கொல்லைக்கு ஒரு வழி, கிணற்றுக்கு ஒரு வழி. வெள்ளைக்குள் நடந்தால் உயிர். வெளியே போனால் அவர் பொறுப்பில்லை. கம்பி, என் வீட்டுக்காரர் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. முனையைக் கல்லில் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கி வைத்திருந்தார். அதை நேராகக் குத்த மாட்டார். சாய்த்து, மெதுவாக, பச்சைப் பிள்ளைக்கு மருந்து ஊற்றுகிற மாதிரி மண்ணுக்குள் இறக்குவார். "நேரா குத்துனா தலை மேலயே குத்துவ. சாய்ச்சுக் குத்துனா அதோட வயித்துல தொடும். வயித்துல தொட்டா அது கோச்சுக்காது" என்பார். வெடியைப் பற்றிப் பேசும்போது மாட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் பேசுவார்.

கோழி என்றால் அவருக்கு ஆகாது. மண்ணைச் சீய்க்கிறதே! என் ஓரகத்தி ஆசையாக வளர்த்த கோழிகளை நாளெல்லாம் கூடை போட்டு மூடி வைத்திருப்பார். மாடு என்றால் பிடிக்கும். வெளியே எங்காவது போக வேண்டுமென்றால் மாடு போன தடத்தைத் தேடுவார். "நாலு காலு வெச்சிருக்குது. அதுக்கு ஒண்ணும் ஆவல இல்ல, அப்போ நமக்கும் ஆவாது" என்பது அவர் கணக்கு.

ஆனால் தார் ரோட்டில் ஏறிவிட்டால் அவர் வேறு ஆள். முதுகு நிமிர்ந்துவிடும். கையை வீசி, பெரேடு நடை நடப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு எளாவூர் வரைக்கும் நடந்துபோய், செக்போஸ்ட் பக்கத்தில் டீ குடித்துவிட்டு வருவார். லாரிக்காரர்கள் கையாட்டினால் சல்யூட் அடிப்பார். "தார் போட்டவன் நல்லா இருக்கணும்பா" என்று ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். சாமி கும்பிடுகிறபோது கூட அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

எனக்கோ அந்தத் தார் ரோடுதான் எமன். ராத்திரி பகல் இல்லாமல் லாரி ஓடும். எத்தனை நாய் நசுங்கிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். என் மகள் பிறந்து தவழ ஆரம்பித்தபோது அவர் என்ன செய்தார் தெரியுமா? குழந்தையை வாசலில் மண்ணில் விட விடவில்லை. சாயங்காலம் ஆனால் தூக்கிக்கொண்டு போய் ரோட்டு ஓரத்தில், தார் மேல் இறக்கிவிட்டு, "நட கண்ணு, நட. இங்க ஒண்ணும் ஆவாது" என்பார். ஒரு பக்கம் லாரி புழுதியை வாரி அடித்துக்கொண்டு போகும். என் மகள் முதல் அடி வைத்ததே கல்கத்தா ரோட்டில்தான். நான் வாசலில் நின்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கத்துவேன். ஓடிப்போய்த் தூக்கலாம் என்றால் வெள்ளைத் துணிக்கு நடுவில் ஓடக் கூடாது, நடக்கத்தான் வேண்டும். ஓடினால் அங்கிருந்து ஹால்ட் வரும்.

இவ்வளவுக்கும் அவர் உடம்பில் ஒரு கீறல் கிடையாது. அதுதான் அவருக்கு வந்த கஷ்டம். மிலிட்டரி டாக்டர்கள் கண், காது, கை, கால் எல்லாம் பார்த்துவிட்டு, குறை ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டார்களாம். காயம் பட்டவர்களுக்குக் கொடுக்கிற தனிப் பென்ஷன் அவருக்குக் கிடையாது என்றார்கள். என் வீட்டுக்காரர் மெட்ராஸில் ஓர் ஆபீசுக்கு அவரை அழைத்துக்கொண்டு போய், "சார், மண்ணப் பாத்தா பயப்படறாரு சார்" என்று சொல்லியிருக்கிறார். அங்கே இருந்தவர் அண்ணனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சிப்பாய் பயப்படுவதை வெளியில் சொல்லாதே, அசிங்கம் என்றாராம். திரும்பி வந்த என் வீட்டுக்காரர் என்னிடம், "ஒரு வெரலாச்சும் போயிருந்தா கேட்டு வாங்கியிருக்கலாம்" என்றார். சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

மிலிட்டரியில் இருந்தவர் என்று ஒரு கம்பெனியில் கேட்டில் வாட்ச்மேன் வேலை கொடுத்தார்கள். விறைப்பாகத்தான் நின்றார். சிமென்ட் போட்ட கேட்டில் நின்ற வரைக்கும் ஒரு குறையும் இல்லை. ஒரு நாள் மழை பெய்து விட்டிருந்தது. உள்ளே புது மண் கொட்டிய இடத்தில் முதலாளியின் கார் நுழைந்துவிட்டது. இவர் ஓடிப்போய்க் காரை மறித்து, முதலாளியைக் கீழே இறங்க விடாமல் கதவைச் சாத்தி, டிரைவரிடம், வந்த டயர்த் தடத்திலேயே பின்னால் எடு என்று கத்தியிருக்கிறார். டிரைவர் பயந்துபோய் அப்படியே ரோடு வரைக்கும் ரிவர்ஸில் வந்துவிட்டானாம். முதலாளி அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து, "எல்லாரும் பத்திரமா வெளிய வந்துட்டாங்க" என்று எங்களிடம் சொன்னார். வேலை போனது அவருக்கு உறைக்கவே இல்லை.

அதற்கப்புறம்தான் என் ஓரகத்தி கிளம்பினாள். பிள்ளை குட்டி இல்லை. திருவாலங்காட்டில் அம்மா வீடு. ஒரு பையில் புடவைகளைத் திணித்துக்கொண்டு, கோழிகளை எனக்கு விட்டுவிட்டு, வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். "அந்த ஆளு நல்லவரு தான். ஆனா அவரு பயம் தொத்திக்கும், தெரிஞ்சுக்கோ. போன வாரம் சந்தையில நான் கீழ பாத்துப் பாத்துத் தான் நடந்துகினு இருந்தேன். அப்போ தான் தோணுச்சு, இனிமே இங்க இருந்தா நானும் படுத்துகினு கம்பி குத்துவேன்னு. நீயும் கொழந்தைய தூக்கிகினு போயிடு" என்றாள். சொல்லிவிட்டு ரோடு வரைக்கும் போனாள். வெள்ளைத் துணிக்குள்ளேயேதான் போனாள். ஒரு கால் வெளியே வைக்கவில்லை.

அவள் சொன்னது எனக்குப் புதிதில்லை. ஏனென்றால் எனக்கு அது ஏற்கெனவே தொற்றியிருந்தது. கொல்லையில் துணி காயப்போடும்போது காற்றுக்குப் பறந்து என் ரவிக்கை ஒன்று வெள்ளைக்கு அப்பால் விழுந்தது. கை நீட்டினால் எடுக்கலாம். வெறும் மண். எனக்குத் தெரியும், வெறும் மண். நான் எடுக்கவில்லை. வெயிலில் அது வெளுத்து நைந்து போகிற வரைக்கும் அங்கேயே கிடந்தது.

அவருக்கு என்ன ஆயிற்று என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அதுவும் நான் கேட்கவில்லை. வாசலில் உட்கார்ந்து புதிய வேட்டி ஒன்றைக் கிழித்துக்கொண்டிருந்தார். நான் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். "நல்ல வேட்டி மாமா, அத ஏன் கிழிக்கறீங்க" என்றேன்.

"சண்டையில எங்க ஆளுங்க ஒருத்தன் கூடச் சாவல, தெரியுமாம்மா" என்றார். "சண்டை முடிஞ்சிடுச்சு. அப்பால வெதைக்கற நேரம் வந்துடுச்சு. பஞ்சாப்காரன் வந்து நிக்கறான், எங்க வயலத் திருப்பிக் குடுங்கன்னு. நாங்க பொதச்சது, நாங்க தான எடுக்கணும்? படுத்துகினே எடுத்தோம். எடுத்த எடத்துல வெள்ள நாடா கட்டுவோம். அதுக்குள்ள யாரு வேணா நடக்கலாம். நம்ம ஆரணிக்காரன் ஒருத்தன். என்கூட ஒரே ரயில்ல போயி சேந்தவன். அன்னிக்கு என் முறை. நான் தான் எடுத்தேன், நான் தான் நாடா கட்டினேன். சாயங்காலம் மழை. மழ வந்தா மண்ணு நவுரும், அதுவும் கூடவே நவுரும். எனக்குத் தெரியல. காலையில அவன் அந்தாண்ட நின்னுகினு, வரலாமான்னு கேட்டான். சரியா கீது, வான்னு சொன்னேன்."

அவ்வளவுதான் சொன்னார். திரும்பவும் வேட்டியைக் கிழிக்க ஆரம்பித்துவிட்டார். அவர் மேல் பரிதாபம் வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் பயம் குறையவில்லை. கூடிற்று. இது தண்ணீர் தெளித்து மந்திரித்தால் போகிற பயம் இல்லை என்று தெரிந்துபோயிற்று.

அதற்கு அடுத்த மாதமே நான் பயந்தது நடந்தது. என் மகளுக்கு ஒன்றரை வயது இருக்கும். வாசலில் கூடைக்குள்ளிருந்து ஒரு கோழி தப்பி ஓடிற்று. குழந்தை சிரித்துக்கொண்டே அதன் பின்னால், வெள்ளைத் துணிக்கு அடியில் குனிந்து, வெளியே போய்விட்டாள். மூத்தார் துணிக்கு உள்ளே இருந்தபடியே எட்டி, அவளுடைய ஒரு கையைப் பிடித்து வெட்டி இழுத்தார். தோள் விலகிவிட்டது. குழந்தை வீறிட்டு அழுதது, அழுது அழுது நீலம் பாரித்தது. புத்தூர்க் கட்டு போடுகிறவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். எலும்பு உட்கார்ந்தது. என் நெஞ்சு உட்காரவில்லை.

அன்றைக்கு என் வீட்டுக்காரரிடம் கறாராகச் சொன்னேன். "இனிமே எம் பொண்ணு மேல அவரு கை படக்கூடாது. இன்னொரு தபா எதுனா ஆச்சு, நான் திருவள்ளூருக்குப் போயிடுவேன். திரும்பி வர மாட்டேன். இல்லன்னா அவர பைத்தியக்கார ஆஸ்பத்திரியில சேத்துடுங்க."

"எங்கப்பா செத்தப்போ எனக்கு எட்டு வயசு" என்றார் அவர். "என்ன படிக்க வெக்கத் தான் அவரு மிலிட்டரிக்கே போனாரு. அவர எப்பிடிடி நான் கொண்டுபோய் வுடறது?"

"அப்போ எங்கள வுட்டுடுங்க."

கதவுக்கு அந்தப் பக்கம் மூத்தார் இருந்தார் என்று எனக்கு அப்போது தெரியாது. மறுநாளிலிருந்து அவர் குழந்தை பக்கமே வரவில்லை. அது தானாக வந்து மடியில் ஏறினால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வார். "அம்மாகிட்ட போ கண்ணு" என்று வாயால் மட்டும் சொல்வார். ரோட்டுக்கும் தூக்கிக்கொண்டு போகவில்லை. எனக்கு வேண்டியது அதுதான். ஆனாலும் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஐப்பசியில் புயல் மழை பிடித்துக்கொண்டது. பழவேற்காட்டுப் பக்கம் கரை கடந்ததாகச் சொன்னார்கள். நின்று நின்று கொட்டியது. கம்பெனி மேட்டிலிருந்து செம்மண் கரைந்து வந்து எங்கள் வாசலெல்லாம் பரவிக் கிடந்தது. சவுக்குக் குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. வெள்ளைத் துணி சேற்றில் எங்கோ புதைந்துபோயிற்று. என் வீட்டுக்காரர் கம்பெனியில் மாட்டிக்கொண்டார், மாற்று ஆள் வராததால் இரண்டு ஷிப்ட். வீட்டில் நான், குழந்தை, மூத்தார். குழந்தைக்கு முந்தின நாளே காய்ச்சல்.

காலையில் மழை விட்டது. குழந்தை உடம்பு கொதித்தது. ஈரத் துணி போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று அவள் கண் மேலே செருகிற்று. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. பேர் சொல்லிக் கூப்பிட்டேன், என் குரல் அவளுக்குப் போய்ச் சேரவில்லை. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

வாசற்படியில் அவர் நின்றுகொண்டிருந்தார். கையில் கம்பி. படியிலிருந்து இறங்கவில்லை, எதிரே கிடந்த புது மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். தாடை ஆடிக்கொண்டிருந்தது. நான் இடித்துக்கொண்டு போகப் பார்த்தேன். கம்பியைக் குறுக்கே நீட்டினார்.

"யாரும் எறங்கக் கூடாது."

"வுடுங்க மாமா, கொழந்த..."

"எல்லாம் நவுந்திருக்கும். எறங்காத!"

என்னைப் பார்த்த கண்ணில் நான் யார் என்று அவருக்குத் தெரிந்த மாதிரியே இல்லை. கூர் தீட்டிய கம்பி என் வயிற்றுக்கு நேரே இருந்தது. ரோடு கண்ணுக்கு எதிரே தெரிகிறது, லாரிகள் போகின்றன, கூப்பிட்டால் கேட்காது. என் கையில் குழந்தை விறைக்கிறது. செத்துப்போவாள், இந்தப் படியிலேயே செத்துப்போவாள் என்று நினைத்தேன். அந்தப் பயத்தை எந்த வார்த்தையில் சொன்னாலும் குறைவுதான். "மாமா, இஸ்துக்கிச்சு மாமா, ஜன்னி கண்டுடுச்சு, பாருங்க" என்று கதறி, குழந்தையின் முகத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

அவர் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கம்பியைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"கம்பி குத்தினா நேரமாவும்" என்றார். குரல் சாதாரணமாக இருந்தது. "நான் முன்னால போறேன். என் கால் வெச்ச எடத்துலயே உன் கால வை. ஒட்டிகினு வராத, நல்லாத் தள்ளி வா. எனக்கு எதுனா ஆச்சுன்னா நின்னுடு. கத்தாத, ஓடாத. வந்த அடியிலயே திரும்பிப் போயி வேற யாருனா வர வரைக்கும் ஊட்டுக்குள்ள இரு. புரிஞ்சுதா?"

தலையை ஆட்டினேன். அவர் செருப்பைக் கழற்றினார். அந்த மண்ணில் காலை வைத்தார்.

எனக்கு அது வாசல். சேறு. வழுக்கும், அவ்வளவுதான். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தபோதுதான் அவருக்கு அது என்ன என்று எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு காலையும் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு வைத்தார். வைத்த பிறகு கண்ணைத் திறந்தார். உடம்பு முழுக்க நடுங்கியது. வேட்டி நனைந்து தொடையோடு ஒட்டிக்கொண்டது, அது மழைத் தண்ணீர் இல்லை. அந்த மனிதர் ஒவ்வோர் அடியிலும் செத்துக்கொண்டு போனார். ஆனாலும் நிற்கவில்லை. எனக்கு அடையாளம் தெரிய வேண்டும் என்று கட்டை விரலை அழுத்தி அழுத்தி வைத்துப் போனார். அந்தப் பள்ளங்களில் என் காலை வைத்து வைத்துப் போனேன்.

தார் ரோட்டில் ஏறியதும் அவர் முதுகு நிமிர்ந்தது. நடு ரோட்டில் போய் நின்று கையை நீட்டினார். "ஹால்ட்!" எளாவூர்ப் பக்கமிருந்து வந்த லாரி கிறீச்சென்று நின்றது. டிரைவர் ஆந்திராக்காரர். குழந்தையைப் பார்த்ததும் ஒரு வார்த்தை பேசாமல் கதவைத் திறந்தார்.

"நீங்களும் வாங்க மாமா."

"நான் இங்க நிக்கிறேன். தம்பி வந்தா தெரியாம கால் வெச்சிடுவான்" என்றார்.

கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். உடம்பைத் துடைத்து, காய்ச்சலை இறக்கி, மத்தியானம் தாண்டும் வரை வைத்திருந்தார்கள். குழந்தை கண் திறந்து "ம்மா" என்றபோது நான் அழுத அழுகையில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று எழுந்து வந்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். போதும் சார், சொல்லாதீங்க என்றேன்.

இடையில் ஒரு பாட்டம் மழை அடித்து ஓய்ந்திருந்தது. சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கியபோது அவர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். சொட்டச் சொட்ட நனைந்து, குளிரில் உதடு கறுத்து. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் கூடக் குடித்திருக்க மாட்டார். என் வீட்டுக்காரர் இன்னும் வரவில்லை. குழந்தை அவரைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அவர் முகம் என்னவோ செய்தது. உடனே இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஊட்டுக்குப் போலாம் மாமா."

"முடியாதும்மா. மழ மறுபடியும் வந்துடுச்சு. என் அடியெல்லாம் அழிஞ்சிடுச்சு. கம்பி உள்ள கீது." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னொரு தபா என்னால முடியாதும்மா."

முடியாது என்றுதான் அவர் முகமும் சொன்னது. காலையில் போன அந்த வழியில் அவரிடம் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. நான் மண்ணைப் பார்த்தேன். வழவழவென்று, ஒரு அடையாளமும் இல்லாமல், வீடு வரைக்கும் கிடந்தது.

"நான் முன்னால போறேன். என் கால் வெச்ச எடத்துல வெச்சுகினு வாங்க" என்றேன்.

அவர் பதறிப்போனார். "கொழந்தைய வெச்சுகினு முன்னால போவாத! அவள இங்க..." என்று கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. என் முகத்தைப் பார்த்தார். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அன்றைக்கு அவர் கேட்டதெல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது. அப்போதுதான் எனக்கு அது தெரிந்தது.

குழந்தையை அவர் கையில் கொடுத்தேன்.

மண்ணில் இறங்கினேன். என் வீட்டு வாசல்தான். நான் தினம் பெருக்கித் தண்ணீர் தெளிக்கிற மண்தான். ஆனால் முதல் அடி வைத்ததும் உள்ளங்கால் கூசியது. சேறு அமுங்கும் இடமெல்லாம் நெஞ்சு நின்று நின்று அடித்தது. ஓரகத்தி சொன்னது சரி, நன்றாகத்தான் தொற்றியிருந்தது. கட்டை விரலை அழுத்தி அழுத்தி வைத்துப் போனேன். படியில் ஏறித் திரும்பிப் பார்த்தேன்.

அவர் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். குழந்தையை நெஞ்சோடு அணைத்து, அதன் தலையைத் தன் தாடைக்குக் கீழே புதைத்து, குனிந்து, என் பக்கமிருந்து எது வந்தாலும் தன் முதுகில் வாங்கிக்கொள்கிற மாதிரி நின்றார்.

"மாமா" என்று கூப்பிட்டேன். "சரியா கீது, வாங்க."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. அவர் மெதுவாகத் திரும்பினார். என்னைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டு, என் முதல் அடியில் தன் காலை வைத்தார். அவர் படியேறி வருகிற வரைக்கும் நான் மூச்சு விடவில்லை.